வைகாசி பிறக்கும்வரை

ஃபேன் நின்றுவிட்டது. கிளம்ப மனசில்லாத விருந்தாளி மாதிரி இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நின்றது. நின்றதும் தெரு முழுக்கக் காதுக்குள் வந்துவிட்டது. எதிர் மாடியில் ஒரு காக்கா தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தட்டுகிறது. கீழ்வீட்டில் தட்டு கழுவுகிறார்கள். என் மூச்சு கேட்கிறது, அம்மாவின் மூச்சு கேட்கிறது. "பூட்ச்சா" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். போய்விட்டது என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் என்றால் இந்நேரம் ஈபிகாரனின் ஏழு தலைமுறையும் எழுந்து உட்கார்ந்திருக்கும். இப்போது மாப்பிள்ளையே ஈபியில் ஒயர்மேன். கரண்டைத் திட்டினால் மாப்பிள்ளையைத் திட்டின கணக்கு. பாவம், கத்திரி வெயிலில் வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் பனை விசிறியை எடுத்து எனக்கும் தனக்கும் நடுவில் வீச ஆரம்பித்தாள். வருவது சூடான காற்றுதான், இருந்தாலும் அம்மா வீசுகிற காற்று. நான் தரையில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். பாய் வேண்டாம் என்றுவிட்டேன். ஈரத்துணியால் அம்மா துடைத்துவிட்ட இடம் கொஞ்ச நேரம் ஜில்லென்று இருக்கும், அப்புறம் என் உடம்புக்கு அதுவும் சூடாகிவிடும், நான் ஒரு சாண் நகர்வேன், எனக்குப் பின்னாலேயே வயிறும் யோசித்து யோசித்து நகரும். இப்படியே காலையிலிருந்து அறையைப் பாதி சுற்றி வந்துவிட்டேன். எங்களுடையது கடைசி மாடி. மேலே தளம் குடிக்கிற வெயில் முழுக்க ராத்திரிவரைக்கும் எங்கள் தலையில்தான் இறங்கும். குழாயைத் திறந்தால் டீ போடலாம், அப்படித் தண்ணீர். இதிலும் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வயிறு நிறைய மோர்ச்சோறு, மாவடு, அதன்மேல் நுங்கு. பக்கத்தில் அம்மா. இன்னும் கொஞ்ச நேரத்தில் கடல் காற்று. ஒரு மனுஷிக்கு வேறு என்ன வேண்டும், என்று நினைத்து முடிப்பதற்குள் இடுப்பில் அது வந்தது. முதுகுப் பக்கம் எங்கோ ஆரம்பித்து, கயிற்றைப் போட்டு இறுக்குகிற மாதிரி முன்னால் வந்து, கொஞ்சம் நின்று, விட்டது. வலி இல்லை அது. தரையில் படுத்ததில் பிடித்துக்கொண்டிருக்கும். நுங்கு அதிகமாகியிருக்கும். வலி வருவதென்றால் நாளைக்குத்தான் வரவேண்டும். இன்று சித்திரைக் கடைசி நாள், விடிந்தால் வைகாசி. சித்திரையில் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது, சித்திரை அப்பன் தெருவிலே என்று சொல்வார்கள். இந்த ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இவள், அல்லது இவன், உள்ளேயே இருந்துவிட்டால் போதும்.

அதற்காகத்தானே ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை, இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் யார்? போன ஆடிப் பிறப்புக்கு அம்மாவும் அப்பாவும் சீர்த்தட்டோடு அம்பத்தூருக்கு வந்து, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்து, என்னை இங்கே திருவொற்றியூருக்கு அழைத்து வந்தார்கள். என் மாமியார் வாசல்வரை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாசம் உங்க பொண்ணு உங்க பொறுப்பு சம்பந்தி என்றார். அம்மா அதை அம்மன் உத்தரவு மாதிரி வாங்கிக்கொண்டாள். மாதம் முழுக்கக் காவல். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால்கூடப் பின்னாலேயே வந்து நிற்பாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கடைசி ஞாயிற்றுக்கிழமைவரை. அன்று அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள் என்று விடியும்போதே கேழ்வரகு மாவும் சின்ன வெங்காயமுமாக அம்மா கிளம்பிப்போனாள். அப்பாவுக்கு எண்ணூர்ப் பக்கம் கம்பெனியில் டியூட்டி. நான் தலை காயவைத்துக்கொண்டிருந்தேன், கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் என் வீட்டுக்காரன் தணிகைவேல் நிற்கிறான், தோளில் வேலைப் பை, கையில் டெஸ்டர். அம்மா எதிரில் நான் அவனை அவரு என்பேன், நேரில் மாமா, மனசுக்குள் வெறும் தணிகை. இங்கே என்ன மாமா என்றேன். மீட்டர் செக்கிங் என்றான், முகத்தை ஆபீசர் மாதிரி வைத்துக்கொண்டு. எங்கள் பில்டிங்கில் மீட்டரெல்லாம் கீழே படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக இருக்கிறது. மூன்றாம் மாடி ஏறி வந்து மீட்டர் பார்த்த ஒயர்மேன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. திரும்பிப் போகும்போது எதிர்வீட்டு ரெஜினாக்கா சர்ச்சிலிருந்து படியேறி வந்திருக்கிறாள். அவளிடமும் அதே மீட்டர் கதைதான். அக்கா அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. புரட்டாசியில் நான் வாந்தியும் தலைசுற்றலுமாக இங்கே வந்து இறங்கினபோது மட்டும் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, ரீடிங்கைக் கரெக்டாதான் எடுத்துகினு போயிருக்காரு என்றாள். அன்றிலிருந்து என் வயிற்றுக்கு அவள் வைத்த பேர் மீட்டர். மீட்டர் சாப்பிட்டதா, மீட்டர் தூங்குகிறதா என்று கதவைத் திறக்கும்போதெல்லாம் விசாரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்போதும் வருகிறது. சிரித்தால் வயிறு குலுங்கிப் பிள்ளை இறங்கிவிடப்போகிறது என்று உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். தப்புத்தான். பெரியவர்கள் சொன்னதை ஒரே ஒரு மாசம் கேட்க முடியவில்லையா என்றால் முடியவில்லைதான். ஆனால் வருந்திப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் வருத்தம் வருவதில்லை, அந்தக் காலைதான் வருகிறது. அன்றைக்கு வெயிலே இல்லை. ஆடிக்காற்றும் மேகமூட்டமுமாக ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, கோயில் மைக்செட் பாட்டு காற்றில் வருவதும் போவதுமாக இருந்தது. இந்தப் புழுக்கத்தில் அந்த மூட்டத்தை நினைத்தாலே கழுத்து குளிர்கிறது.

மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக நின்று போனது. மூச்சை மெதுவாக விட்டேன், அம்மாவுக்குக் கேட்காத மாதிரி. விசிறி நிற்கவில்லை. கண் மூடியிருக்கிறாள், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கை மட்டும் தன்பாட்டுக்கு வீசுகிறது. தூக்கத்திலும் வீசுவாள், நான் சின்ன வயதிலிருந்து பார்த்த அதிசயம் அது. அம்மா பயப்படுவதை நான் கேலி செய்வேனே தவிர, சும்மா பயப்படுகிறாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு எட்டு வயதில் தம்பி பிறந்தான், என் சேகர் மாமா, சித்திரையில். அந்த வருஷமே தாத்தா வேலை பார்த்த மில்லை மூடினார்கள். மில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி, சட்டி பானையோடு குடும்பமே வீதியில் நின்றதாம். அதுவும் இதே மாதிரி கத்திரி வெயில். தார் ரோட்டில் இறக்கி வைத்த அலுமினியக் குண்டானைத் தொட முடியவில்லை என்று அம்மா இப்போதும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். அந்த மில்லில் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனதே, அத்தனை வீட்டிலுமா சித்திரையில் பிள்ளை பிறந்தது என்று ஒரு தடவை கேட்டேன். மற்ற வீட்டுக் கதை எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டுக் கதை தெரியும் என்றாள். எனக்குச் சேகர் மாமாவை நினைத்துத்தான் கஷ்டமாக இருக்கும். நல்ல மனுஷன், ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர், ஆனால் சொந்தத்தில் யாருக்கு என்ன பேச்சு வந்தாலும், மில்லையே மூடவைத்தவன் இவன் என்று ஒரு சிரிப்பு வரும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறந்த அன்றைக்கே ஒரு மில்லைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார்கள். என் பிள்ளை தலையில் எதையாவது வைத்துவிட்டால்? தணிகைக்குச் சுண்டுவிரலில் ஒரு கீறல் விழுந்தாலும் இவளால்தான் என்று ஆகிவிடாதா? அவன் வேலை வேறு அப்படி. கத்திரி வந்தால் ஊரில் எல்லாரும் ஏசியைப் போடுவார்கள், கேபிள் தாங்காது, இவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். போன வாரம் ஏணியின் இரும்புக் கம்பி பட்டே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கரண்ட் சுடவில்லை, வெயில்தான் சுட்டது என்று சிரித்துக்கொண்டே போட்டோ அனுப்பினான். நான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை நாள் நானும் நம்பாதவள் மாதிரிதான் பேசிவந்தேன். அவன்தான் ஏற்கெனவே பகல் முழுக்கத் தெருவில் இருக்கிறானே, இனிமேல் எந்தத் தெருவுக்குப் போவான் என்று ஜோக் அடித்தேன். ஜோக் பகலில் நன்றாக இருக்கிறது. மத்தியானம் கரண்ட் இல்லாமல் தனியாக விழித்துக்கொண்டு படுத்திருந்தால் அது ஜோக்காக இல்லை.

அம்மாவும் தன்னால் ஆனதைச் செய்துதான் பார்க்கிறாள். டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி தாண்டிவிட்டது. ஊரில் எந்த அம்மாவாவது மகளைச் சும்மா படு சும்மா படு என்று சொல்வாளா? நட, குனிந்து பெருக்கு, இரண்டு படி ஏறி இறங்கு என்பதுதானே வழக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். டாக்டரம்மா நடக்கச் சொன்னால் அம்மா பஸ் ஸ்டாண்டுவரை தலையாட்டிக்கொண்டே வந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிப் படு என்பாள். பப்பாளி இந்தப் பில்டிங் படியையே மிதிக்கக் கூடாது. எள்ளுருண்டை கொண்டுவந்த கீழ்வீட்டு அம்மாவுக்கு அன்றைக்கு முகமே கொடுக்கவில்லை. சீரகக் கஷாயம் குடித்தால் பொய்வலி அடங்கும், மெய்வலி கூடும் என்பார்கள், அதனால் சீரக டப்பாவையே எங்கோ தூக்கி ஒளித்துவைத்துவிட்டாள். இரண்டு வாரமாகச் சீரகம் இல்லாத ரசம் சாப்பிடுகிறோம். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன், இரண்டு பேரும் குனிந்து சாப்பிடுவோம். ரெஜினாக்காவிடம் இந்தப் பேச்சே எடுபடாது. எங்களுக்குச் சித்திரையும் கிடையாது பங்குனியும் கிடையாது, மே மாசம் மாதா மாசம், அதில் பிறக்கிற பிள்ளை கொடுத்து வைத்த பிள்ளை என்பாள். இந்த வாசலில் ஆகாத மாசம், எதிர் வாசலில் அதைவிட மேலான மாசம் கிடையாது. நடுவில் செருப்பு விடுகிற இடம் மட்டும்தான் இருக்கிறது. பேசாமல் இன்று ஒரு நாள் அவள் வீட்டில் போய்ப் பெற்றுக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மறுபடியும் சிரிப்பு. சிரிப்புக்கு நடுவிலேயே அந்தக் கயிறு இறுகிவிட்டது. இது முன்னதைவிடச் சீக்கிரம் வந்த மாதிரி இருக்கிறது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது. சூட்டில் நேரம் சரியாகத் தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டுப் போ, ஆனால் உட்கார்ந்துவிடாதே, நாளைக்கு வா என்று வயிற்றைத் தடவிச் சொன்னேன். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கோரமாக இறங்கி உதட்டுக்கு வந்தது. உப்பு. காற்று இன்னும் திரும்பவில்லை. காலையிலிருந்து மேற்கேயிருந்து வருகிற மேல்காற்று, அதில் ஈரப்பசையே கிடையாது, உதட்டைக் காயவைத்து, கொடியில் போட்ட நைட்டியை அப்பளமாக்கி, கடல் காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவைத்திருக்கிறது. அது ஓய்ந்தால்தான் இது உள்ளே வரும். சில நாள் சோறு வடிக்கும்போதே வந்துவிடும், சில நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகியும் வராது, அன்றைக்குத்தான் டிவியில் சென்னையில் வெயில் சதம் என்பார்கள். அம்பத்தூரில் இருக்கும்போது இதற்கு நான் ஏங்கிப்போனேன். கடல் காற்று பஸ் பிடித்து அங்கே வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், வந்ததும் களைத்துப்போய் இருக்கும். இங்கே அப்படி இல்லை, எங்கள் தெருமுனைக்கு அப்பால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் கல், கல்லுக்கு அப்பால் கடல்.

போன் அடித்தது. தணிகை. சார்ஜ் குறைவாக இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் விடமாட்டான். சாப்பிட்டாயா என்றான், சாப்பிட்டேன், நீ என்றேன். கொரட்டூரில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறானாம், நாய் ஒன்று வந்து அவன் காலடி நிழலில் படுத்திருக்கிறதாம், இன்னும் ஒரு டிரான்ஸ்பார்மர் பாக்கியாம். உங்கள் தெருவில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். பொய் சொன்னால் குழந்தைக்கு ஆகாது என்று ஏதாவது சொலவடை இருக்கிறதோ என்னவோ. வலி கிலி இருக்கிறதா என்றான். அதற்கும் இல்லை என்றேன், அப்போது சரியாக ஒன்று வந்துகொண்டிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு உம் உம் என்று கேட்டேன். பிறகு அவன் சொன்னான்:

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன் வினோ. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல, உனக்கே தெரியும். ஆனா நாளைக்கே வந்துட்டா நல்லது. யாருக்கும் ஒரு பேச்சு இல்ல பாரு."

சரி மாமா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்த ஆனா என்கிற வார்த்தை மட்டும் காதில் தங்கிவிட்டது. அவனும் பயப்படுகிறான். மீட்டர் செக்கிங் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்ற அந்தத் தைரியசாலியும் உள்ளுக்குள் கொஞ்சம் பயப்படுகிறான். எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது. சரி, அவனுக்காக இருந்துவிடுவோம், ராத்திரி எத்தனை நீளம் இருந்துவிடப்போகிறது, பல்லைக் கடித்துக்கொண்டால் போகிறது. அடுத்தது வந்தபோது தரையில் விரலால் கோடு இழுத்தேன், வியர்வையில் கோடு விழுந்தது, உடனே காய்ந்தது. அதுவும் போனது. அது போன பிறகுதான் வேறு ஒன்று நினைவுக்கு வந்தது, எப்படி இத்தனை நேரம் வராமல் இருந்தது என்று தெரியவில்லை. இது உதைக்கவே இல்லையே. தினமும் நுங்கு சாப்பிட்டதும் ஒரு ஆட்டம் போடுமே. இன்றைக்கு நுங்குக்கும் ஆடவில்லை, மோருக்கும் ஆடவில்லை. காலையில் கூழ் குடித்தபோது ஒரு தடவை புரண்டது, அதற்கப்புறம்? அதற்கப்புறம் நான் மில்லையும் மீட்டரையும் ஆடியையும் சித்திரையையும் நினைத்துக்கொண்டிருந்தேன், இதை நினைக்கவில்லை. பக்கவாட்டில் இரண்டு விரலால் தட்டினேன். பதில் இல்லை. அசைவு குறைந்தால் ராத்திரி பகல் பார்க்காதே, உடனே வா என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். உள்ளேயும் இப்படித்தான் புழுங்குகிறதோ? நாளைக்கு வா நாளைக்கு வா என்று சொல்லிச் சொல்லி அதுவும் சரி என்று அடங்கிவிட்டதோ? எழுந்து பானையிலிருந்து ஜில்லென்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அசையும் என்று கையை ஊன்றினேன், அதே நேரம் கயிறு இறுகியது, பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டேன். விசிறி நின்றது.

"எத்தினாவதுடி?" என்றாள் அம்மா.

கண் திறந்திருந்தது. தூங்கவே இல்லை அவள். ஃபேன் நின்றதிலிருந்து என் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். நான் அவளுக்குத் தெரியாமல் மறைத்தேன், அவள் தெரிந்துகொண்டது எனக்குத் தெரியாமல் மறைத்தாள், நடுவில் அந்த விசிறி அதுபாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. எண்ணவில்லை என்றேன். பிறகு சொல்லிவிட்டேன். "காலையிலேர்ந்து அசையலம்மா."

அம்மா எழுந்து என் பக்கத்தில் மண்டியிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை வயிற்றில் வைத்தாள். இந்த வீட்டில் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை. காக்காகூடத் தட்டுவதை நிறுத்திவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அதில் சம்பந்தி இல்லை, மில் இல்லை, அலுமினியக் குண்டான் இல்லை. தன் மகள், அவள் பிள்ளை, அவ்வளவுதான் இருந்தது. அப்போது மூக்கில் உப்பும் மீனும் கலந்த வாசனை பட்டது. கொடியில் கிடந்த துண்டு கொஞ்சம் அசைந்தது, நின்றது, பிறகு நன்றாகவே தூக்கிக்கொண்டது. ஜன்னல் வழியாகக் கடல் காற்று தடதடவென்று உள்ளே வந்து, வியர்வையில் நனைந்திருந்த முதுகில் பட்டதும் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு சிலிர்ப்பாக உள்ளே இருந்து ஒரு உதை. அம்மாவின் கை எகிறிவிட்டது. "கழுதை" என்றாள் அம்மா, அழுகையும் சிரிப்புமாக. நானும் சிரித்தேன், இந்தத் தடவை அடக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன், அந்தச் சிரிப்பில்தான் பனிக்குடம் உடைந்தது. வெதுவெதுவென்று தரையில் பரவி, அம்மா துடைத்து வைத்த ஈரத்தோடு சேர்ந்துகொண்டது. இனிமேல் நாளைக்கு என்கிற பேச்சே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துவிட்டு எழுந்தாள். பிறகு நேராகச் சுவருக்குப் போய், முருகன் படம் போட்ட தேதிக் காலண்டரில் இன்றைய தாளைக் கிழித்தாள். மறுநாள் காலையில் அப்பாதான் கிழிப்பார், வேறு யாரும் தொடக்கூடாது என்று இந்த வீட்டில் சட்டம். கிழித்த தாளைக் கசக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள், எதிர்க்காற்று அதை அப்படியே வீட்டுக்குள் திருப்பித் தள்ளியது. போ சனியனே என்று அதைப் பொறுக்கி அடுப்படிக் குப்பைக்கூடையில் போட்டு, மேலே வெங்காயத் தோலையும் தள்ளிவிட்டு வந்தாள்.

"வைகாசி பொறந்துடுச்சி. எய்ந்துரு, போலாம்" என்றாள்.

உன் சம்பந்தி கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "அவங்க வூட்டுக் காலண்டர்ல தப்பா போட்டிருப்பான். நைட்டிய மாத்திக்கோ" என்றபடி எதிர்வீட்டுக் கதவைப் போய்த் தட்டினாள். ரெஜினாக்கா வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்டோவோடு வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அக்கா என்னைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கினாள், அம்மா முன்னால் பையோடு போனாள், படிக்கட்டு ஜன்னல்களில் எல்லாம் காற்று காத்திருந்து காத்திருந்து வந்தது. ஒரு வளைவில் வலி வந்து நின்றேன், அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன், இனி மறைக்கவேண்டியதில்லை என்பதால் அம்மா என்று தாராளமாகக் கத்தினேன், அதுவே பாதி சுகமாக இருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் தணிகைக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் இல்லை, அவனோடு வேலை செய்கிற தங்கராசு அண்ணன், அம்பது வயதுக்காரர். தணிகை மேலே இருக்கிறான், போன் என்னிடம் இருக்கிறது, என்னம்மா விஷயம் என்றார். பதறவைக்கக் கூடாது, மேலே இருக்கும்போது பதறவைக்கவே கூடாது. அம்மாவைப் பார்த்தேன். சொல்லு என்று தலையசைத்தாள்.

"வைகாசி பொறந்துடுச்சின்னு மட்டும் சொல்லுங்கண்ணே. மெதுவா சொல்லுங்க."

அவர் எங்கே மெதுவாகச் சொன்னார். கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டு, தம்பி, வீட்லேர்ந்து, வைகாசி பொறந்துடுச்சாம் என்று கொரட்டூருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார். போனில் அங்கே ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. ஆட்டோ ரோட்டில் ஏறித் திரும்பியது, வலது கைப் பக்கம் கடல் முழுக்க வெயிலில் பளபளவென்று கிடந்தது, காற்று என் தலைமுடியை அம்மாவின் முகத்தில் போட்டுக்கொண்டே இருந்தது, அவள் தள்ளவில்லை. அப்புறம் போனுக்குள் எங்கோ உயரத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"அண்ணே, ஏணிய நல்லா புடிங்க. நான் எறங்கறேன்."

அவசரமில்லை, பார்த்து இறங்கச் சொல்லுங்கள் அண்ணே என்றேன். அவசரம்தான்.